திருடுபோன நோட்டும் சத்திரக்காரரும்: மில்லர் எதிர் ரேஸ் (1758)

1756 டிசம்பர் 11. இங்கிலாந்தில் வில்லியம் ஃபின்னி என்பவர் ஒரு பாங்க் நோட்டை உறைக்குள் வைத்துத் தபாலில் சேர்த்தார். ஆக்ஸ்ஃபோர்டுஷையரில் சிப்பிங் நார்ட்டன் என்ற ஊரில் இருந்த பெர்னார்ட் ஓடன்ஹார்ட்டிக்கு அது போக வேண்டும். போகவில்லை. அன்று இரவே வழியில் தபாலை மறித்துக் கொள்ளையடித்துவிட்டார்கள். காவலரோடு தபால் கோச்சு ஓடத் தொடங்கியது 1784இல்தான். அதற்கு முன்பு பையன்கள் குதிரையில் தபால் பையைத் தூக்கிக்கொண்டு போன காலம். மறிப்பது பெரிய வேலையே இல்லை.

மறுநாள், 12ஆம் தேதி, அந்த நோட்டு மில்லர் என்ற சத்திரக்காரரின் கைக்கு வந்துவிட்டது. கொடுத்தவர் பார்க்கக் கனவான் போல இருந்தார். மில்லர் முழு மதிப்பையும் கொடுத்து வாங்கிக்கொண்டார். கொள்ளை நடந்த சேதி அவருக்குத் தெரியாது.

13ஆம் தேதி சேதி ஃபின்னியின் காதுக்கு எட்டியது. உடனே பாங்க் ஆஃப் இங்கிலாந்தை அணுகி, அந்த நோட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். வங்கி ஒப்புக்கொண்டது, ஆனால் சும்மா இல்லை. இதனால் பின்னால் எங்களுக்கு நஷ்டம் வந்தால் நீங்கள்தான் ஈடு செய்ய வேண்டும் என்று பிணை எழுதி வாங்கிக்கொண்டது. கொஞ்ச நாள் கழித்து மில்லர் நோட்டோடு வங்கிக்கு வந்தார். அங்கே இருந்த குமாஸ்தாவின் பெயர் ரேஸ். நோட்டைக் கையில் வாங்கிய ரேஸ் பணமும் தரவில்லை, நோட்டையும் திருப்பித் தரவில்லை. மில்லர் வழக்குப் போட்டார்.

நோட்டின் மதிப்பு 21 பவுண்டு 10 ஷில்லிங். அன்றைய தங்க நாணயமான கினி 21 ஷில்லிங். அந்தக் கணக்கில் 20 கினியும் மேலே 10 ஷில்லிங்கும். பணம் யாருக்கு என்ற இடத்தில், வில்லியம் ஃபின்னிக்கு அல்லது கொணர்பவருக்கு, கேட்டவுடன் தரப்படும் என்று இருந்தது. வழக்கின் தலையெழுத்தே அந்த "அல்லது கொணர்பவருக்கு" என்பதில் இருந்தது. இன்றைக்கும் செக்கோ டிடியோ புரோநோட்டோ தொலைந்துவிட்டது என்று யாராவது வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எங்கே தொலைத்தீர்கள் என்பதல்ல; யார் பெயருக்கு, எப்படி எழுதியிருந்தது என்பதுதான்.

குமாஸ்தா மேல் ஏன் வழக்கு?

நோட்டு வெளியிட்டது வங்கி. பணம் தர வேண்டியதும் வங்கி. அப்புறம் ஏன் ரேஸ் மேல் வழக்கு? காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. நோட்டு இப்போது மில்லரிடமும் இல்லை. கையில் ஆவணம் இல்லாதவர் அந்த ஆவணத்தின் பேரில் பணம் கேட்டுச் சட்ட நீதிமன்றத்துக்குப் போவது அந்த நாளில் சுலபமல்ல. அதனால் மில்லர் எடுத்தது ட்ரோவர் என்ற வகை வழக்கு: என் பொருள் இவரிடம் இருக்கிறது, தர மறுக்கிறார், அதன் மதிப்பைக் கொடுக்கச் சொல்லுங்கள் என்பது. பொருள் இங்கே ஒரு துண்டுக் காகிதம். அதைக் கையில் வைத்திருப்பவர் ரேஸ்.

இந்த வழியில் போனதால் கேள்வி கூர்மையானது. வங்கி கடன்பட்டிருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அதில் சந்தேகமே இல்லை. அந்தக் காகிதம் மில்லருக்குச் சொந்தமா, இல்லையா? அவ்வளவுதான்.

லண்டன் கில்டுஹாலில் ஜூரி முன்னிலையில் விசாரணை நடந்தது. விசாரித்தவர் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு. அவர் அந்தப் பதவிக்கு வந்தது 1756 நவம்பரில், தபால் கொள்ளைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பு. ஜூரி மில்லருக்கு 21 பவுண்டு 10 ஷில்லிங் தரச் சொன்னது. ஆனால் சட்டக் கேள்வியை முழு நீதிமன்றமும் முடிவுசெய்யட்டும் என்று விட்டுவைத்தார்கள். இந்த விசாரணையில் பதிவான ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வியாபார வழக்கத்தில் பாங்க் நோட்டு ரொக்கத்தைப் போலவே கைமாறுகிறது, கையில் இருப்பதைத் தவிர வேறு அத்தாட்சியை யாரும் கேட்பதில்லை என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. என்னைக் கேட்டால் ரேஸ் தரப்பு பாதி வழக்கை அங்கேயே விட்டுக்கொடுத்துவிட்டது.

மாடா, காசா?

ரேஸுக்காக வாதாடியவர் சர் ரிச்சர்ட் லாய்டு. நோட்டு காசு அல்ல. கடன் இருக்கிறது என்பதற்கான ஆவணம் மட்டுமே. ஃபின்னியின் சொத்து திருட்டால் ஃபின்னியை விட்டுப் போய்விடாது என்பது அவர் பிடித்துக்கொண்ட நூல். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், திருட்டு மாட்டை நீங்கள் நல்ல விலை கொடுத்தே வாங்கியிருந்தாலும் சொந்தக்காரர் வந்து கேட்டால் அவிழ்த்துக் கொடுக்க வேண்டியதுதான். திருடனிடம் இல்லாத உரிமையைத் திருடன் எப்படி விற்பான்? இதற்குத் துணையாக, முந்தைய தலைமை நீதிபதி ஹோல்ட் சொன்னதாக ஃபோர்டு எதிர் ஹாப்கின்ஸ் என்ற வழக்கின் பதிவில் இருந்த வரிகளையும் எடுத்துவைத்தார்கள். அந்தப் பதிவின்படி, பாங்க் நோட்டும் லாட்டரிச் சீட்டும் திருடுபோனால் சொந்தக்காரர் அது யார் கைக்குப் போயிருந்தாலும் துரத்திப் பிடிக்கலாம்.

1758 ஜனவரி 31 அன்று தீர்ப்பு வந்தது. இந்த வாதத்தின் கோளாறு முழுவதும் ஒரே இடத்தில் இருக்கிறது என்றார் மான்ஸ்ஃபீல்டு: பாங்க் நோட்டை அது எதைப் போல இல்லையோ அதோடு ஒப்பிடுகிறீர்கள். அது சரக்கும் அல்ல, கடனுக்கான பத்திரமும் அல்ல. மக்கள் எல்லோரும் அதைப் பணமாகவே நடத்துகிறார்கள். கினி எவ்வளவு பணமோ அவ்வளவு பணம் இதுவும். ஹோல்ட் அப்படிச் சொல்லியிருக்க முடியாது, பதிவு செய்தவர்தான் தவறு செய்திருக்க வேண்டும் என்று அந்தப் பழைய வரிகளை ஒதுக்கினார். ஹோல்ட் காலத்து இன்னொரு பதிவு வேறு மாதிரி சொல்லியிருந்தது: தொலைந்த பாங்க் நோட்டைக் கண்டெடுத்தவர் மேல் சொந்தக்காரர் வழக்குப் போடலாம், அவரிடமிருந்து மதிப்புக் கொடுத்து வாங்கியவர் மேல் போட முடியாது. மான்ஸ்ஃபீல்டு பிடித்துக்கொண்டது இதை.

அடுத்து அவர் சொன்னதுதான் தீர்ப்பிலேயே எனக்குப் பிடித்த இடம். பணத்துக்குக் காதில் அடையாளம் கிடையாது, அதனால்தான் அதைத் துரத்த முடியாது என்று ஒரு பழைய பேச்சு உண்டு. ஆடுமாடுகளின் காதில் வெட்டுவார்களே, அந்த அடையாளம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மையல்ல என்கிறார் மான்ஸ்ஃபீல்டு. யோசித்தால் புரியும்: ஃபின்னியின் நோட்டு எது என்பதில் இங்கே யாருக்கும் குழப்பமே இல்லை. வங்கியால் அதை அடையாளம் கண்டு பிடித்துவைத்துக்கொள்ள முடிந்ததே! காது அடையாளம் பளிச்சென்று இருந்தும் ஃபின்னி தோற்றார். காரணம் அடையாளம் இல்லாதது அல்ல, பணம் புழக்கத்தில் கைமாறிவிட்டது. கைமாறும்வரை துரத்தலாம், நேர்மையாக மதிப்புக் கொடுத்தவரின் கைக்குப் போன நொடியில் துரத்தல் முடிந்தது.

இதற்கு அவர் ஒரு பழைய வழக்கையும் நினைவுகூர்ந்தார். நோயாளியைக் கவனித்துக்கொண்ட தாதி, தனியாக இருந்த நேரத்தில் அவருடைய பணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நோயாளி இறந்தபின் அவர் சொத்தை நிர்வகித்தவர் வழக்குப் போட்டார்; வழக்கு செல்லும் என்று தீர்ப்பானது. அங்கேயும் பணம்தான், காது அடையாளம் இல்லாத பணம்தான். ஆனால் அது இன்னும் எடுத்தவளைத் தாண்டிப் போகவில்லை.

பணம் மில்லருக்கு என்று முடிந்தது. வங்கியிடம் ஃபின்னி எழுதிக்கொடுத்த பிணை இருந்ததை இப்போது நினைத்துப் பாருங்கள். அந்தப் பிணை இந்த மாதிரி நாளுக்காகத்தான் எழுதி வாங்கப்பட்டது.

மூன்று தேதிகள்

11 கொள்ளை, 12 கைமாற்றம், 13 தடை. ஒரு நாள் முந்தியிருந்தால் ஃபின்னி பிழைத்திருப்பாரா? இந்த வழக்கைச் சொல்லும்போதெல்லாம் யாராவது இதைக் கேட்பார்கள். பிழைத்திருக்க மாட்டார் என்பதுதான் என் வாசிப்பு. வங்கிக்குச் சொன்ன தடை வங்கியின் காதில் விழுந்ததே தவிர, சத்திரக்காரரின் காதில் விழவில்லை. மில்லர் வாங்கும்போது அவருக்கு என்ன தெரியும் என்பதுதான் கேள்வி. ஸ்டாப் பேமென்ட் என்பது பணம் போகும் குழாயை அடைப்பது. காகிதத்தின் உரிமையை அது தொடுவதில்லை. இன்றைக்கும் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

தீர்ப்பில் எனக்கு நெருடும் இடமும் ஒன்று உண்டு. நோட்டைக் கொடுத்தவர் கனவான் தோற்றத்தில் இருந்தார் என்பதை மில்லருக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டார்கள். கொள்ளைக்காரன் நல்ல கோட்டுப் போட்டிருந்தால் போதுமா? ஆனால் மான்ஸ்ஃபீல்டு அதோடு நிற்கவில்லை. கொள்ளையனோடு மில்லருக்குத் தொடர்பு உண்டா என்பது விசாரணையில் நன்றாகத் துருவப்பட்டது, எதுவும் இல்லை என்கிறார். தொகையையும் பார்க்கிறார்: 1,000 பவுண்டு நோட்டாக இருந்தால் சந்தேகம் வந்திருக்கும், இது வெறும் 21 பவுண்டு 10 ஷில்லிங். ஆக, வாங்கியவர் கண்ணை மூடிக்கொண்டு இருக்கலாம் என்று அவர் சொல்லவில்லை. எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பதில்தான் அடுத்த நூறு வருடமும் சண்டை நடந்தது.

1781இல் பீக்காக் எதிர் ரோட்ஸ். இந்த முறை பாங்க் நோட்டு இல்லை, உண்டியல்; இன்னாருக்கு இவ்வளவு பணம் கொடு என்று ஒருவர் இன்னொருவருக்கு எழுதும் ஆணை. பெயருக்கு எழுதப்பட்டு, பின்னால் வெறும் கையெழுத்து மட்டும் போட்டது. அதுவும் திருடுபோய், ஸ்கார்பரோவில் ஒரு ஜவுளிக்காரரிடம் துணிக்கு விலையாக வந்து சேர்ந்தது. கொடுத்தவர் முன்பின் தெரியாதவர். அங்கேயும் மான்ஸ்ஃபீல்டு வாங்கியவர் பக்கம்தான். பின்னால் வெறும் கையெழுத்துப் போட்ட உண்டியல் கிட்டத்தட்ட கொணர்பவர் நோட்டுதான் என்பது இதிலிருந்து வந்த பாடம்.

1824இல் காற்று மாறியது. கில் எதிர் கியூபிட் வழக்கில் திருட்டு உண்டியலை ஒரு தரகர், கொண்டுவந்தவரின் பெயரைக்கூடக் கேட்காமல், கழிவு பிடித்துக்கொண்டு மீதிப் பணத்தைக் கொடுத்து வாங்கியிருந்தார். விவேகமுள்ள மனிதன் எடுத்திருக்கும் ஜாக்கிரதையை இவர் எடுக்கவில்லை என்று தோற்றார். பன்னிரண்டே வருடம். 1836இல் குட்மன் எதிர் ஹார்வி வழக்கில், பெரிய அசட்டை என்பது கெட்ட எண்ணத்துக்குச் சாட்சியாகலாம், ஆனால் அசட்டையே கெட்ட எண்ணம் ஆகிவிடாது என்று நீதிமன்றம் பழைய பாதைக்குத் திரும்பியது. இங்கிலாந்தின் 1882ஆம் ஆண்டு உண்டியல் சட்டமும், நேர்மையாகச் செய்தால் போதும், அசட்டையாகச் செய்திருந்தாலும் நல்லெண்ணம்தான் என்று எழுதி வைத்துவிட்டது.

தொலைத்தவருக்கு என்ன மிச்சம்?

இதுவரை திருட்டு நோட்டை வாங்கியவரின் கதை. காகிதம் யாரிடமும் போகவில்லை, வெறுமனே தொலைந்துவிட்டது என்றால்?

1827இல் ஹேன்சர்டு எதிர் ராபின்சன் வழக்கில் உண்டியல் தொலைந்துபோயிருந்தது. தொலைத்தவருக்குத்தான் பணம் சேர வேண்டும் என்பதில் தகராறு இல்லை. இருந்தும் சட்ட நீதிமன்றம் கையை விரித்தது. பணம் கொடுப்பவருக்கு உண்டியலைத் திரும்ப வாங்கிக் கிழித்துப் போடும் உரிமை உண்டு. அது அவருக்குப் பாதுகாப்பு. உண்டியலைத் தராமல் பணம் மட்டும் கேட்டால், நாளைக்கு ஒரு மில்லர் அதோடு வந்து நின்றால் அவர் இரண்டாம் முறை அழ வேண்டியதுதானே? சட்ட நீதிமன்றம் தராத நிவாரணத்தைத் தரும் தனி மன்றமான சமநீதி மன்றத்துக்குப் போய், பின்னால் நஷ்டம் வந்தால் ஈடு செய்வேன் என்ற ஈட்டுறுதி கொடுத்துப் பணம் கேட்கலாம் என்று வழி காட்டினார்கள். இரண்டு மன்றம், இரண்டு செலவு. 1854இல் வந்த நடைமுறைச் சட்டம்தான் இதைச் சுருக்கியது: போதுமான ஈட்டுறுதி கொடுத்தால், ஆவணம் தொலைந்துவிட்டது என்பதை எதிர்வாதமாக எழுப்பக் கூடாது என்று நீதிமன்றமே உத்தரவிடலாம்.

ஃபின்னி வங்கிக்கு எழுதிக்கொடுத்த பிணையும் இந்த ஈட்டுறுதியும் ஒரே சரக்குதான். தொலைத்தவருக்குச் சட்டம் உரிமையைத் தருகிறது. நாளை யாராவது வந்தால் பொறுப்பு உனக்கு என்று விலையும் வைத்துத் தருகிறது.

அமெரிக்காவில் இதே பிரச்சினை வேறு ரூபத்தில் வந்தது. அங்கே மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட ஒருசீர் வணிகச் சட்டத்தின் 3-309 பிரிவு, தொலைந்த புரோநோட்டை வசூலிக்க முடியும் என்கிறது. ஆனால் பழைய வாசகப்படி, தொலைந்த நேரத்தில் வசூலிப்பவரின் கையிலேயே அது இருந்திருக்க வேண்டும். 1997இல் வாஷிங்டன் ஃபெடரல் நீதிமன்றத்தில் ஜோஸ்லின் கம்பெனி எதிர் ராபின்சன் பிராட்காஸ்டிங் வழக்கு வந்தது. நோட்டைத் தொலைத்தது வங்கி வைப்பு காப்பீட்டு நிறுவனமான எஃப்டிஐசி; அதன் பிறகு அந்தக் கடனை வாங்கியது ஜோஸ்லின். தொலைந்தபோது உங்களிடம் இல்லையே, எனவே இந்தப் பிரிவு உங்களுக்கு இல்லை என்றது நீதிமன்றம். தொலைந்த காகிதத்தின் உரிமையை விற்க முடியாது என்று ஆகிவிட்டது. கடன்களை மூட்டை மூட்டையாகக் கைமாற்றும் தேசத்தில் இது தாங்குமா? 2002இல் மாதிரி வாசகத்தைத் திருத்தினார்கள், தொலைத்தவரிடமிருந்து உரிமை பெற்றவரும் கேட்கலாம் என்று. எல்லா மாநிலமும் உடனே அதை ஏற்றுக்கொள்ளவில்லை. 2008க்குப் பிந்தைய வீட்டு ஜப்தி வழக்குகளில், மூல நோட்டு எங்கே என்ற கேள்வி வங்கிகளை நன்றாகவே படுத்தியது.

நம் சட்டத்தில் ஃபின்னி

இந்தியாவில் இதற்கெல்லாம் அடிப்படை 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம். கோர்ட்டு வளாகத்தில் என்.ஐ. ஆக்ட் என்பார்கள். அதன் 8ஆம் பிரிவில் ஒரு சின்ன வரி: ஆவணம் தொலைந்தாலோ அழிந்தாலோ, அந்த நேரத்தில் யாருக்கு உரிமை இருந்ததோ அவர்தான் அதை "வைத்திருப்பவர்". கையில் இல்லாவிட்டாலும் சட்டத்தின் கண்ணில் அவரிடமே இருக்கிறது. 58ஆம் பிரிவு மில்லர் வழக்கின் வாரிசு: தொலைந்த, அல்லது குற்றத்தாலோ மோசடியாலோ பெற்ற ஆவணத்தை எடுத்தவர் வழியாக உரிமை கேட்பவருக்குப் பணம் கிடையாது, அவரோ அவருக்கு முன்னால் இருந்த ஒருவரோ முறைப்படி பெற்றவராக இருந்தால் ஒழிய. குற்றத்தாலோ மோசடியாலோ பறிபோனது என்றால், நான் முறைப்படி பெற்றவன் என்று நிரூபிக்கும் சுமை வாங்கியவர் தலையில் என்கிறது 118ஆம் பிரிவின் கடைசிப் பகுதி.

முறைப்படி பெற்றவர் யார்? இங்கேதான் நம் சட்டம் இங்கிலாந்தை விட்டு விலகுகிறது. 9ஆம் பிரிவின்படி, கொடுத்தவரின் உரிமையில் கோளாறு இருக்கிறது என்று நம்பப் போதுமான காரணம் எதுவும் இல்லாமல் வாங்கியிருக்க வேண்டும். நேர்மை மட்டும் போதாது. கண்ணைத் திறந்து வைத்திருக்கவும் வேண்டும். பொன்னப்ப மூத்தன் வழக்கில் 1990இல் உச்ச நீதிமன்றம், ஆங்கிலச் சட்டத்தைவிட நம் வரையறை கடுமையானது என்று தெளிவாகவே சொன்னது. 1824இல் இங்கிலாந்து எடுத்து, பன்னிரண்டு வருடத்தில் கைவிட்ட கொள்கைக்கு நம் ஊரில் இன்னும் உயிர் இருக்கிறது. கனவான் தோற்றத்தை நம்பி வாங்கிய மில்லர், சென்னையில் ஒரு கூண்டில் நின்றிருந்தால் குறுக்கு விசாரணையில் கொஞ்சம் வியர்த்திருப்பார்.

வழக்கமான புரோநோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். "தாங்கள் வேண்டும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது" என்று நீட்டி முழக்கியிருக்கும். அந்த வரி அலங்காரம் இல்லை. கொணர்பவருக்குத் தரப்படும் என்று தனியார் புரோநோட்டு எழுதுவதை ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 31ஆம் பிரிவு தடுக்கிறது. எழுதினால் அது போட்டி ரூபாய் நோட்டாகிவிடும். அதனால் உங்கள் புரோநோட்டைத் திருடியவர் அதை விற்க வேண்டுமானால் பின்னால் உங்கள் கையெழுத்தைப் போட்டாக வேண்டும். அது போலிக் கையெழுத்து. போலியின் மேல் கட்டிய உரிமை, எவ்வளவு நல்லவர் வாங்கினாலும் நிற்காது. செக் அப்படியல்ல. செக் தாளில் "அல்லது கொணர்பவருக்கு" என்று அச்சிலேயே இருக்கும். அதை அடிக்காமல், கோடும் போடாமல் விட்டால் அது ஃபின்னியின் நோட்டுக்கு ஒன்றுவிட்ட தம்பி. கோடு போட்டு "நாட் நெகோஷியபிள்" என்றும் எழுதிவிட்டால் என்.ஐ. ஆக்டின் 130ஆம் பிரிவு வரும்: கொடுத்தவருக்கு இருந்ததைவிட மேலான உரிமை வாங்கியவருக்குக் கிடையாது. அந்த இரண்டு சொல்லைப் பார்த்தும் வாங்கினால் மில்லர் தோற்றிருப்பார்.

சரி, வீடு மாற்றியபோது புரோநோட்டு தொலைந்துவிட்டது, கடன் வாங்கியவர் மூலப் பத்திரத்தைக் காட்டு என்கிறார். அவர் அப்படிக் கேட்பதில் தப்பில்லை. என்.ஐ. ஆக்டின் 81ஆம் பிரிவு அவருக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறது. ஆனால் அதே பிரிவு, தொலைந்திருந்தால் பத்திரத்துக்குப் பதில் ஈட்டுறுதி வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. அதற்கும் மசியாவிட்டால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஆணை 7, விதி 16. தொலைந்ததை நிரூபித்து, நீதிமன்றம் திருப்திப்படும்படி ஈட்டுறுதியும் கொடுத்தால், மூலப் பத்திரத்தை வழக்கோடு தாக்கல் செய்திருந்தால் என்ன தீர்ப்பு கிடைக்குமோ அதே தீர்ப்பை நீதிமன்றம் தரலாம். 1854இன் இங்கிலாந்து யோசனை, நம் ஊர் விதியாக. என்.ஐ. ஆக்டின் 45-ஏ பிரிவில் இன்னொரு சலுகை உண்டு: தொலைந்த உண்டியலுக்கு, தவணை கடப்பதற்குள், எழுதியவரிடமே இன்னொன்று எழுதிக் கேட்கலாம், மறுத்தால் கட்டாயப்படுத்தலாம். புரோநோட்டை அந்தப் பிரிவு சொல்லவில்லை.

நகல் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. மூலம் தொலைந்தால் ஜெராக்ஸ் மாதிரியான இரண்டாம் நிலைச் சான்று கொடுக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 65ஆம் பிரிவு சொன்னதை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த சாட்சியச் சட்டத்தின் 60ஆம் பிரிவு இப்போது சொல்கிறது. ஆனால் மூலத்தில் ஒழுங்காக ஸ்டாம்ப் ஒட்டப்படவில்லை என்றால் நகல் வெறும் தாள். அபராதம் கட்டி மூல ஆவணத்தைத்தான் சரிசெய்ய வழி உண்டு, நகலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1971இலேயே தீர்த்துவிட்டது. புரோநோட்டுக்கு அந்த வழியும் இல்லை. ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து விழுந்திருப்பது ஜெராக்ஸில் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். மூன்று வருடக் காலவரம்பும் ஓடிக்கொண்டே இருக்கும். தொலைந்த பத்திரத்தைத் தேடும் நாட்களுக்காக அது நிற்காது.

டிடி என்றால் இவ்வளவு அலைச்சல் இல்லை. எடுத்தவரோ பெற வேண்டியவரோ கேட்டால், வங்கி இரண்டு வாரத்துக்குள் நகல் டிடி தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். அங்கேயும் கவுண்டரில் முதலில் நீட்டப்படுவது அதே ஈட்டுறுதிப் பத்திரம், அதாவது இண்டெம்னிட்டி பாண்டுதான்.

தொலைந்தது என்பதே பொய்யாக இருந்தால்? இது இப்போது அன்றாடக் கதை. செக் திரும்பினால், அது எப்போதோ தொலைந்த செக், யாரோ எடுத்து நிரப்பிவிட்டார்கள் என்பார்கள். கர்நாடகத்திலிருந்து வந்த 45,000 ரூபாய் செக் வழக்கு ஒன்றில் இதுதான் எதிர்வாதம்: கையெழுத்துப் போட்ட வெற்றுச் செக் தொலைந்துவிட்டது, அதனால் பணத்தை நிறுத்தச் சொன்னேன். 2010 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை நம்பவில்லை. கையெழுத்தை ஒப்புக்கொண்டால், சட்டப்படி வசூலிக்கத்தக்க கடன் இருக்கிறது என்ற அனுமானமும் சேர்ந்தே வரும். அதை உடைக்க நம்பத்தக்க கதை வேண்டும் என்றது. வந்த நோட்டீசுக்கு அவர் பதிலே போடாததும் அவருக்கு எதிராகப் போனது. உண்மையிலேயே தொலைத்தவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று: அன்றே வங்கிக்கு எழுத்தில் சொல்லுங்கள், போலீசில் புகார் கொடுங்கள், நோட்டீஸ் வந்தால் பதில் போடுங்கள். ஃபின்னி தெரிந்த மறு நிமிடமே வங்கிக்குப் போனார். தோற்றாலும், அவர் சொன்னது பொய் என்று யாரும் சொல்லவில்லை.

ரூபாய் நோட்டு தொலைந்தால் மட்டும் இந்தப் பேச்சே இல்லை. ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 28ஆம் பிரிவு, தொலைந்த, திருடுபோன, கிழிந்த நோட்டின் மதிப்பை உரிமையாக யாரும் கேட்க முடியாது என்கிறது. கிழிந்த நோட்டுக்கு வங்கியில் மாற்றித் தருவதுகூட விதிகளின்படி காட்டும் சலுகை. நோட்டு எண்ணைக் குறித்து வைத்திருந்தேன் என்று சொல்லிப் பிரயோஜனமில்லை. காது அடையாளம் பற்றி மான்ஸ்ஃபீல்டு சொன்னது அங்கே முழுசாகப் பொருந்தும்.

தபாலில் நோட்டு அனுப்பியே ஆக வேண்டியவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நோட்டை நடுவில் இரண்டாக வெட்டி, ஒரு பாதியை முதலில் அனுப்புவது. அது போய்ச் சேர்ந்தது என்று கடிதம் வந்த பிறகு மறுபாதி. இங்கிலாந்தில் இது சகஜமாக நடந்தது. பிரிட்டிஷ் இந்திய அரசின் பழைய காகித நோட்டுகளையும் இப்படி வெட்டி அனுப்பினார்கள். சேகரிப்பாளர்களிடம் நடுவே ஒட்டுப் போட்ட நோட்டுகளைப் பார்க்கலாம். 1756 டிசம்பரில் ஃபின்னியிடம் ஒரு கத்தரிக்கோல் இருந்திருந்தால் கொள்ளையனின் கைக்குப் பாதி நோட்டுதான் போயிருக்கும். எவ்வளவு நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தாலும், பாதி நோட்டுக்கு மில்லர் சில்லறை கொடுத்திருக்க மாட்டார். கொடுத்திருந்தால், எனக்குச் சந்தேகமே வரவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லியிருக்கவும் முடியாது.